டீம் மாறின ரன்னிங் பேக்கை எந்த ரவுண்டுல எடுக்கறது? (பார்க்லி, ஹென்ரி, ஸ்விஃப்ட் எல்லாரும்)

இது NFL (அமெரிக்கன் ஃபுட்பால்) ஃபேன்டஸி லீக் பத்தின இழை: டிராஃப்ட்ல ரவுண்டு ரவுண்டா நிஜ வீரர்களை எடுப்போம், அவங்க எடுக்கற யார்டு, டச்டவுனுக்கு நமக்கு பாயின்ட். ரன்னிங் பேக்னா பந்தை வாங்கிட்டு ஓடறவன், ஒரு ஓட்டம்னா ஒரு கேரி, குவாட்டர்பேக்னா பாஸ் போடறவன், லைன்னா அவங்களுக்கு வழி திறந்து விடற முன்வரிசை.

12 மார்ச் 2024: வந்த கேள்வி

"அண்ணே, சேக்வான் பார்க்லி ஜயன்ட்ஸை விட்டு ஈகிள்ஸுக்குப் போயிட்டான். போன சீசன் 247 கேரில 962 யார்டு, கேரிக்கு 3.9 தான் வந்துச்சு. ஈகிள்ஸ்ல ஒரு யார்டு பாக்கின்னா குவாட்டர்பேக் ஹர்ட்ஸை பின்னாடி இருந்து தள்ளிவிட்டே டச்டவுன் எடுத்துக்கறாங்க. கேட்ச்சும் குறையும். மூணாவது ரவுண்டுக்கு முன்னாடி இவனை எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்றேன். சரிதானே?"

12 மார்ச் 2024, ராத்திரி

இல்ல தம்பி, எனக்கு அப்படித் தோணல. நீங்க சொன்ன 3.9 பார்க்லியோட நம்பர் மட்டும் இல்ல, 2023 ஜயன்ட்ஸோட நம்பர். அந்த டீம் அந்த வருஷம் 85 சாக் (பாஸ் போடறதுக்குள்ள குவாட்டர்பேக்கை மடக்கறது) வாங்குச்சு. குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸ் முழங்கால் போய் உட்கார்ந்தாரு, அப்புறம் டைராட் டெய்லர், டாமி டிவிடோன்னு மாத்தி மாத்தி ஓட்டுனாங்க. பாஸ் போட ஆளே இல்லாத டீம்னா எதிராளி டிஃபென்ஸ் எட்டு பேரை முன்னாடி நிறுத்திட்டு ரன்னுக்காகவே காத்திருப்பான், பந்தை வாங்கின உடனே ஒருத்தன் காலைப் புடிச்சிருப்பான், அப்படி இருந்தும் 962.

இப்போ அதே 2023ல ஈகிள்ஸ்ல யாரு ஓடினான்னு பாருங்க. டி'ஆன்ட்ரே ஸ்விஃப்ட். டெட்ராய்ட்ல முழு வேலை எப்பவுமே கிடைக்காத ஆளு. இங்க வந்து 229 கேரி, 1,049 யார்டு, கேரிக்கு 4.6. அதுக்கு முந்தின வருஷம் மைல்ஸ் சாண்டர்ஸ் 1,269 யார்டு, 4.9. ரெண்டு பேரும் வேற வேற ஸ்டைல், ரெண்டு பேரும் பார்க்லி அளவுக்குத் திறமை உள்ளவங்க இல்ல, ஆனா ரெண்டு பேருக்கும் அந்த லைன் ஆயிரத்தைத் தாண்ட வச்சுது. மைலாட்டா, டிக்கர்சன், லேன் ஜான்சன் மூணு பேரும் அங்கேயேதான் இருக்காங்க. லைன் நடுவுல நின்ன கெல்சி ரிட்டையர் ஆனது எனக்கும் கவலைதான், ஆனா ஜர்கன்ஸை 2022 NFL டிராஃப்ட்ல (காலேஜ் ஆளுங்களை டீம்கள் எடுக்கறது) ரெண்டாவது ரவுண்டுல எடுத்ததே அந்த இடத்துக்காகத்தான்.

ஹர்ட்ஸ் டச்டவுன் பத்தி: 2022ல ஹர்ட்ஸ் ஓடியே 13 டச்டவுன் போட்டாரு. அதே வருஷம் சாண்டர்ஸ் 11 போட்டான். ஒரே டீம்ல ரெண்டும் நடந்திருக்கு.

கேட்ச் விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு. ஹர்ட்ஸ் பாக்கெட் (அவரைச் சுத்தி லைன் கட்டற பாதுகாப்பு) உடைஞ்சா தானே ஓடிடுவாரு, பக்கத்துல நிக்கற பேக்குக்குத் தூக்கிப் போடறது கம்மி. 2018ல பார்க்லி 91 கேட்ச் புடிச்சான், அந்த ஆளு திரும்ப வரமாட்டான்.

14 மார்ச் 2024

நேத்து ஒருத்தர் "அப்போ டிமார்கோ மர்ரே கதை என்னாச்சு, அவனும் ஈகிள்ஸுக்குத்தான் வந்தான்"ன்னு கேட்டாரு. நல்ல கேள்வி. டீம் மாறின ரன்னிங் பேக்கைப் பத்திப் பேசறவங்க எல்லாரும் முதல்ல படிக்க வேண்டிய கேஸ் அதுதான், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

2014ல டாலஸ்ல மர்ரே 392 கேரி, 1,845 யார்டு, 13 டச்டவுன். லீக்லயே முதல் இடம். அடுத்த மார்ச்ல ஈகிள்ஸ் அஞ்சு வருஷத்துக்கு 40 மில்லியன் டாலர் பேசி கூட்டிட்டு வந்தாங்க. ஃபேன்டஸி டிராஃப்ட்ல சீக்கிரமே போயிட்டான். முதல் மேட்ச் 8 கேரி 9 யார்டு, ரெண்டாவது மேட்ச் அவன் பழைய டீமுக்கு எதிராவே 13 கேரி 2 யார்டு. ரெண்டும் சேர்த்து 21 கேரில 11 யார்டுங்க. சீசன் முடிவுல 193 கேரி, 702 யார்டு, 3.6.

என்ன நடந்துச்சு? டாலஸ்ல அவன் குவாட்டர்பேக்குக்கு ஏழு கஜம் பின்னாடி நின்னு, கீழ்நோக்கி ஓடிவந்து, வேகத்தோட பந்தை வாங்கி, லைன்ல எங்க ஓட்டை திறக்குதுன்னு பார்த்து நுழையற ஆளு. ஈகிள்ஸ் கோச் சிப் கெல்லி ஆஃபென்ஸ்ல எல்லாமே ஷாட்கன் (குவாட்டர்பேக் லைனுக்குக் கொஞ்சம் பின்னாடி தள்ளி நிக்கறது), குவாட்டர்பேக் பக்கத்துலயே நின்னு, நின்ன இடத்துலயே பந்தை வாங்கி, பக்கவாட்டுல ஓடணும். அவனோட பலமே அந்த ஓடிவர்ற வேகம்தான், அதையே எடுத்துட்டாங்க. அது போதாதுன்னு அதே வருஷம் ஈகிள்ஸ் தன்னோட லைன்ல நின்ன ரெண்டு கார்டுகளையும் (guard), ஈவன் மாத்திஸ், டாட் ஹெர்ரமன்ஸ், வெளிய அனுப்பிட்டாங்க. இன்னொரு ரன்னிங் பேக் ரயன் மேத்யூஸையும் அதே வாரம் சைன் பண்ணாங்க, ஸ்ப்ரோல்ஸ் ஏற்கனவே இருந்தான். அதே லைன் பின்னாடி மேத்யூஸ் 106 கேரில 539 யார்டு, 5.1. அதனாலதான் லைனை மட்டும் குறை சொல்லி நிறுத்தக்கூடாதுன்னு சொல்றேன், அந்த ஆஃபென்ஸ் மேத்யூஸுக்குப் பொருந்துச்சு, மர்ரேக்குப் பொருந்தல.

அடுத்த பாதி இன்னும் முக்கியம். மர்ரே விட்டுட்டுப் போன டாலஸ் இடத்துக்கு யாரு வந்தா? டேரன் மெக்ஃபாடன். ஓக்லண்ட்ல தொடர்ந்து மூணு வருஷமா கேரிக்கு மூணரையைத் தாண்டாதவன், எல்லாரும் முடிஞ்சு போச்சுன்னு எழுதி வச்ச ஆளு. டைரன் ஸ்மித், ஃப்ரெட்ரிக், ஜாக் மார்ட்டின் இருந்த லைன் பின்னாடி 2015ல 239 கேரி, 1,089 யார்டு, 4.6. அதுவும் குவாட்டர்பேக் ரோமோ பெரும்பாலும் காயத்துல வெளிய இருந்த சீசன்ல.

அடுத்த வருஷம் மர்ரேயை டென்னஸிக்கு டிரேட் பண்ணாங்க, அங்க பழையபடி முட்டி மோதற ரன் கேம், 1,287 யார்டு, 9 டச்டவுன், 53 கேட்ச். வயசு ஒன்னு கூடியிருந்தது, காலு அதே காலுதான்.

14 மார்ச் 2024, கொஞ்ச நேரம் கழிச்சு

புதுசா வந்தவங்களுக்காக ஒன்னு. ஐபிஎல் பார்க்கறவங்களுக்கு இது உடனே புரியும்: சேப்பாக்கத்துல சீசன் முழுக்க விக்கெட் எடுத்த ஸ்பின்னரை வான்கடே டீம் ஏலத்துல எடுத்தா, அவன் விக்கெட்டை மட்டும்தான் வாங்கறாங்க, அந்த பிட்ச்சை வாங்கல.

19 மார்ச் 2024

சாண்டர்ஸ் பத்தி கேட்டவருக்கு. 2022ல 1,269 யார்டு, 11 டச்டவுன் போட்டுட்டு கரோலைனாக்குப் போனான், நாலு வருஷம், 25 மில்லியனுக்கு மேல. எங்க ஆபீஸ் லீக்ல அந்த வருஷம் ரொம்ப சீக்கிரமா எடுத்தாங்க, காரணம் கேட்டா "பெரிய கான்ட்ராக்ட், போட்டிக்கு ஆள் இல்ல, ட்யூஸ் ஸ்டேலி பிலடெல்ஃபியாலயே அவனோட கோச்சா இருந்தவரு, இப்போ அங்க இருக்காரு"ன்னாங்க. கேக்க எல்லாமே சரியாத்தான் இருந்துச்சு. நடந்தது: 129 கேரி, 432 யார்டு, ஒரே ஒரு டச்டவுன். சீசன் பாதிலயே வேலை சுபா ஹப்பர்ட் கைக்குப் போயிடுச்சு, நவம்பர்ல ஹெட் கோச் ஃப்ராங்க் ரைக்கையும் ஸ்டேலியையும் அனுப்பிட்டாங்க.

கான்ட்ராக்ட் பெருசுன்னா முதல் மாசம் அவனுக்குப் பந்து கிடைக்கும், அது உண்மை. கேரிக்கு 3.3 வந்தா ரெண்டாவது மாசம் அந்தக் காசு அவனைக் காப்பாத்தாது. கோச் தெரிஞ்சவருங்கறதும் அந்தக் கோச் இருக்கற வரைக்கும்தான்.

அதனால நான் கேக்கற கேள்வி இதுதான், இந்த இழை முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போறேன்: பழைய டீம்ல அந்த யார்டு யாரால வந்துச்சு, புது டீம்ல எந்த வேலை காலியா கிடக்கு, அந்த வேலை இவன் ஏற்கனவே நல்லா செய்யற வேலையா?

2 ஏப்ரல் 2024

அந்தக் கேள்வியை டெரிக் ஹென்ரிகிட்ட போட்டுப் பாருங்க. 30 வயசு, டென்னஸில 1,167 யார்டு 4.2, பால்டிமோர் ரெண்டு வருஷத்துக்கு 16 மில்லியன்தான் குடுத்திருக்கு. எல்லாரும் வயசைப் பார்த்து ஒதுங்கறாங்க. நான் பாக்கறது கஸ் எட்வர்ட்ஸை. 2023ல பால்டிமோர்ல அவன் 810 யார்டுதான் ஓடினான், ஆனா 13 டச்டவுன். கோல் லைன்ல உயரமும் எடையும் உள்ள ஒருத்தன்கிட்ட பந்தைக் குடுத்து முட்டவிடறது அந்த டீம்ல ஒரு தனி உத்தியோகம் மாதிரி. அந்த ஆளு சார்ஜர்ஸுக்குப் போயிட்டான், 198 கேரி காலி. அந்த வேலைக்கு ஹென்ரியை விடப் பொருத்தமானவன் லீக்ல யாரு இருக்கா?

இன்னொன்னு பால்டிமோர் குவாட்டர்பேக் லமார் ஜாக்சன். ஓடற குவாட்டர்பேக் பக்கத்துல இருந்தா டச்டவுன் போகும், கேட்ச் போகும்னு மட்டும் பேசறோம். லமார் பந்தைக் குடுக்கற மாதிரி கையை நீட்டும்போது ஓரத்துல நிக்கற டிஃபெண்டர் இவன் பந்தை வச்சுக்கிட்டானா குடுத்துட்டானான்னு ஒரு நொடி நின்னே ஆகணும், நிக்கலன்னா லமார் அந்தப் பக்கம் 40 யார்டு போயிடுவாரு. அந்த ஒரு நொடி ரன்னிங் பேக்குக்குத்தான் லாபம். டென்னஸில ஹென்ரிக்கு அது இந்த அளவுக்குக் கிடைச்சதில்ல. பார்க்லிக்கும் ஹர்ட்ஸ் பக்கத்துல இதே கணக்குதான், 12ஆம் தேதி எழுதினதுல இதைச் சேர்த்துப் படிங்க.

பிபிஆர் லீக்ல (ஒவ்வொரு கேட்ச்சுக்கும் ஒரு பாயின்ட்) ஹென்ரிக்கு கேட்ச் பாயின்ட் அதிகம் வராது, அதை மறக்காதீங்க.

25 ஆகஸ்ட் 2024

நாளைக்கு எங்க டிராஃப்ட். 12 பேர், ஆபீஸ் நியூ ஜெர்சில இருக்கறதால பாதிப் பேர் ஜயன்ட்ஸ், பாதிப் பேர் ஈகிள்ஸ், பார்க்லி பேரைச் சொன்னாலே சண்டை. அதனால பேரை எடுத்துட்டு வேலையை மட்டும் எழுதி வச்சிருக்கேன்.

டீம் மாறினவங்கள்ல என் வரிசை: பார்க்லி, ஹென்ரி, ஜேக்கப்ஸ், மிக்ஸன், கொஞ்ச தூரம் தள்ளி ஆரன் ஜோன்ஸ், ஸ்விஃப்ட், போலார்ட். ஜேக்கப்ஸ் 2022ல 1,653 யார்டோட லீக்லயே முதல், 2023ல அதே ரெய்டர்ஸ்ல 805 யார்டு 3.5. ஒரே ஆளு, ஒரே டீம், ஒரு வருஷ இடைவெளி, அவ்வளவு வித்தியாசம். க்ரீன் பே அவனை எடுக்கறதுக்காக ஆரன் ஜோன்ஸையே அனுப்பியிருக்கு, இதை விடத் தெளிவா ஒரு டீம் சொல்ல முடியாது.

கடைசி ரவுண்டுகளுக்கு ஜே.கே. டாபின்ஸ். கஸ், டாபின்ஸ் ரெண்டு பேரும் பால்டிமோர்ல இருந்து சார்ஜர்ஸ் போயிருக்காங்க, பால்டிமோர்ல ரன் கேம் நடத்தின க்ரெக் ரோமன்தான் அங்க கோஆர்டினேட்டர். ரெண்டு பேர்ல கால்ல வேகம் இருக்கறவன் டாபின்ஸ். காயம் ஆகாம இருப்பானாங்கறதுதான் கேள்வி, அந்த விலைக்கு அந்த ரிஸ்க் எனக்கு ஓகே.

7 செப்டம்பர் 2024

நேத்து ராத்திரி சாவ் பாலோ மேட்ச். பார்க்லி 24 கேரி 109 யார்டு, ஓடி ரெண்டு, கேட்ச்ல ஒன்னு, மூணு டச்டவுன். கொண்டாடறவங்க கொண்டாடுங்க. ஆனா நான் குறிச்சு வச்சது டச்டவுனை இல்ல, அந்த 24ஐ. முதல் மேட்ச்லயே இத்தனை தடவை பந்தைக் குடுக்கறாங்கன்னா வேலை முழுசா அவனோடதுதான்.

9 செப்டம்பர் 2024

ஹென்ரியை விக்கலாமான்னு மூணு பேர் கேட்டுட்டாங்க. கேன்சஸ் சிட்டிக்கு எதிரா 13 கேரி 46 யார்டு, ஒரு டச்டவுன். விக்காதீங்க. பின்தங்கியிருந்து ஆடற மேட்ச்ல ஹென்ரிக்கு எப்பவுமே பந்து குறையும், இந்த டீம் வருஷம் முழுக்கப் பின்தங்கி ஆடப் போறதில்ல.

24 செப்டம்பர் 2024

ஸ்விஃப்ட். சிகாகோல மூணு மேட்ச், 37 கேரி, 68 யார்டு. கேரிக்கு ரெண்டு யார்டு கூட இல்ல.

இங்க நிதானமா யோசிக்கணும். போன வருஷம் ஆயிரம் யார்டு ஓடின அதே ஆளு, வயசு ஒன்னுதான் கூடியிருக்கு, காயமும் இல்ல. மாறினது லைனும் குவாட்டர்பேக்கும்தான். சிகாகோ குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் ரூக்கி (முதல் வருஷ ஆளு), அவரு பாஸ் மேல பயம் வர்ற வரைக்கும் டிஃபென்ஸ் முன்னாடி கூட்டம் போடும். அதே நேரத்துல ஸ்விஃப்ட் விட்டுட்டுப் போன இடத்துல பார்க்லி என்ன பண்றான்னு பாருங்க, ஞாயித்துக்கிழமை நியூ ஆர்லியன்ஸ்ல 65 யார்டு ஓடி ஒரு டச்டவுன். 2015ல மர்ரேக்கும் மெக்ஃபாடனுக்கும் நடந்தது கண்ணு முன்னாடி திரும்ப நடக்குது.

ஆனா ஸ்விஃப்ட்டைத் தூக்கிப் போடாதீங்க. அங்க இப்போதைக்கு முதல் ஆள் அவன்தான். யார்டு கம்மியா வந்தாலும் பந்து வந்துக்கிட்டே இருந்தா ஃபேன்டஸில ஒரு அடிமட்டம் இருக்கும். பெஞ்சுல வைங்க.

30 செப்டம்பர் 2024

பஃபலோக்கு எதிரா ஹென்ரி. பால்டிமோரோட முதல் ப்ளேயே 87 யார்டு டச்டவுன். மொத்தம் 199. திரும்ப அந்த ரன்னைப் போட்டுப் பாருங்க, லமார் எந்தப் பக்கம் பார்க்கறாரு, யாரு எங்க நின்னுட்டான்னு. ஏப்ரல்ல சொன்ன ஒரு நொடி அதுதான்.

ஸ்விஃப்ட்டும் அதே நாள் ராம்ஸுக்கு எதிரா 93 யார்டு ஓடிட்டான்.

21 அக்டோபர் 2024

பார்க்லி நேத்து மெட்லைஃப் ஸ்டேடியம் திரும்ப வந்தான், கூட்டம் கூச்சல் போட்டுது, 17 கேரி 176 யார்டு, நாலாவது குவாட்டர்ல பாதி உட்கார்ந்துட்டான், ஈகிள்ஸ் 28-3. ஆபீஸ்ல இன்னைக்கு ஜயன்ட்ஸ் ஆளுங்க யாரும் பேசல, எனக்கே அவங்களைப் பார்த்தா மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆறு வருஷம் அந்த மைதானத்துல அவன் ஓடின ஓட்டத்துக்கு முன்னாடி நிக்க ஒரு லைன் குடுக்கலையேங்கறதுதான் அவங்க கோவமும்.

25 நவம்பர் 2024

பார்க்லி 255 யார்டு. ராம்ஸுக்கு எதிரா 26 கேரில. ரெண்டு டச்டவுன், ஒன்னு 70 யார்டு, ஒன்னு 72.

மார்ச்ல கேட்ட தம்பியோட டச்டவுன் பயத்துக்கு இன்னும் முழுசா பதில் சொல்லாம இருந்தேன், இப்போ சொல்லலாம். ஹர்ட்ஸ் ஒரு யார்டு டச்டவுனை இப்பவும் எடுத்துக்கிட்டுதான் இருக்காரு, அது குறையல. பார்க்லி தன்னோடதை தூரத்துல இருந்து போடறான். ஒரு யார்டு டச்டவுன் 6.1 பாயின்ட், 70 யார்டு டச்டவுன் 13 (டச்டவுனுக்கு 6, பத்து யார்டுக்கு 1). கோல் லைன் வேலை இல்லாத பேக்கைப் பார்க்கும்போது அவனுக்கு நீள ஓட்டம் இருக்கா, அதுக்கு இடம் விடற லைன் இருக்கான்னு கேக்கணும். ரெண்டும் இருந்தா கோல் லைன் போனா போகட்டும். கஸ் எட்வர்ட்ஸ் மாதிரி ஆளுக்கு நீள ஓட்டம் கிடையாது, அவனுக்கு கோல் லைன் போனா எல்லாமே போச்சு.

நீள ஓட்டம் ஒவ்வொரு வருஷமும் இதே மாதிரி வராது, அடுத்த வருஷம் விலை வைக்கும்போது இதை ஞாபகம் வைங்க.

30 டிசம்பர் 2024

பார்க்லி டாலஸுக்கு எதிரா 167 யார்டு, சீசன்ல மொத்தம் 2,005. எரிக் டிக்கர்சனோட 1984 ரெக்கார்ட் 2,105. இன்னும் ஒரு மேட்ச் பாக்கி, அதுவும் ஜயன்ட்ஸோட, ஆனா ஈகிள்ஸுக்கு அந்த மேட்ச்ல ஜெயிச்சு ஆகப்போறது ஒன்னும் இல்ல, உட்கார வைப்பாங்கன்னுதான் தோணுது. நம்ம ஃபைனல் 17ஆவது வாரமே முடிஞ்சது நல்லதாப் போச்சு. 18ஆவது வாரம் ஃபைனல் வைக்கற லீக்ல இருக்கறவங்க கமிஷனர்கிட்ட இப்பவே பேசுங்க.

12 ஜனவரி 2025

சீசன் கணக்கு. ஹென்ரி 1,921 யார்டு, ஓடி 16 டச்டவுன். ஜேக்கப்ஸ் 1,329, 15. மிக்ஸன் காயத்துல சில மேட்ச் போயும் ஆயிரத்தைத் தாண்டிட்டான். டாபின்ஸ் 13 மேட்ச்ல 905 யார்டு, 9 டச்டவுன், அதே டீம்ல கஸ் 365 யார்டு. ஸ்விஃப்ட் 959, ஆனா கேரிக்கு 3.8.

யாரும் பேசாத கேஸ் ஒன்னு: பார்க்லி விட்டுட்டுப் போன ஜயன்ட்ஸ் இடம். சிங்கிள்டெரி பஃபலோலயே, ஜயன்ட்ஸ் கோச்சா இருந்த டேபால் கூட இருந்தவன், அதனால அவன்தான்னு எல்லாரும் எழுதினாங்க. 437 யார்டு. அஞ்சாவது ரவுண்டு ரூக்கி டைரோன் ட்ரேசி அந்த வேலையை வாங்கிக்கிட்டான், 839. காலி இடம் இருந்தா மட்டும் போதாது, அந்த இடத்துக்கு வரிசைல வேற யாரு நிக்கறாங்கன்னும் பார்க்கணும். சாண்டர்ஸுக்கு ஹப்பர்ட் மாதிரி.

ஹென்ரி, பார்க்லி ரெண்டு பேரையும் வச்சு "டீம் மாறினா எல்லாரும் ஏறுவாங்க"ன்னு அடுத்த ஆகஸ்ட்ல எல்லாரும் எழுதப் போறாங்க. லெவியான் பெல்லை நினைச்சுக்கோங்க. ஒரு வருஷம் உட்கார்ந்துட்டு 2019ல ஜெட்ஸுக்குப் போனான், 52.5 மில்லியன், 245 கேரி, 789 யார்டு. பிட்ஸ்பர்க்ல அவன் பந்தை வாங்கிட்டு நின்னு, லைன் திறக்கற வரைக்கும் பொறுத்து, அப்புறம் போவான். அந்தப் பொறுமைக்கு ஒரு லைன் வேணும், ஜெட்ஸ்ல நின்ன இடத்துலயே புடிச்சுட்டாங்க.

25 ஏப்ரல் 2025

நஜி ஹாரிஸ் சார்ஜர்ஸுக்குப் போனதும் மார்ச்லயே பெஸ்ட்பால்ல (டிராஃப்டுக்கு அப்புறம் டீமை மாத்தாத ஃபேன்டஸி வகை) வாங்கித் தள்ளினவங்க கவனிக்க. பிட்ஸ்பர்க்ல நாலு வருஷமும் ஆயிரம் யார்டு, ஒரு மேட்ச் கூட விட்டதில்ல, எல்லாம் சரி. நேத்து ராத்திரி NFL டிராஃப்ட்ல அதே சார்ஜர்ஸ் 22ஆவது பிக்ல ஓமாரியன் ஹாம்ப்டனை எடுத்துட்டாங்க. முதல் ரவுண்டுல ரன்னிங் பேக் எடுக்கற டீம் அவனை உட்கார வைக்க எடுக்கறதில்ல. ஒரு வருஷ கான்ட்ராக்ட்ல வந்த ஆளுக்கு ஏப்ரல் டிராஃப்ட் முடியற வரைக்கும் விலை வைக்காதீங்க.

27 ஏப்ரல் 2025

"அப்போ இந்த வருஷ மெக்ஃபாடன் யாரு"ன்னு கேட்டிருக்கீங்க. டாலஸையே பாருங்க. போன வருஷம் அங்க ஓடின டௌடில் கரோலைனா போயிட்டான், இடம் காலி. முதல் ரவுண்டுல டைலர் புக்கர்னு ஒரு கார்டை எடுத்திருக்காங்க, ரன்னிங் பேக்கை அஞ்சாவது ரவுண்டு வரைக்கும் தொடவே இல்ல. சாண்டர்ஸும் இப்போ அங்கதான் இருக்கான், ஆனா நான் பார்க்கறது ஜவோன்டே வில்லியம்ஸை. டென்வர்ல போன வருஷம் 139 கேரி 513 யார்டு, 3.7தான், ஆனா 52 கேட்ச், பாஸ் ப்ளாக் நல்லா பண்ணுவான், அதனால மூணாவது டவுன்லயும் (பெரும்பாலும் பாஸ் போடற நேரம்) களத்துல நிப்பான். முழங்கால் போனது 2022ல. இப்போ அவனைக் கிட்டத்தட்ட சும்மாவே விட்டுட்டுப் போறாங்க. பத்தாவது ரவுண்டுக்கு மேல கிடைச்சா எடுங்க. ஆகஸ்ட்ல ப்ரீசீசன்ல முதல் டீம் லைன் கூட யாரு நிக்கறாங்கன்னு பார்த்துட்டு மறுபடி எழுதறேன்.